ஐஎம் முதல் ஜிஎம் வரை: நார்ம், 2500, செலவு பற்றி ஓர் அம்மாவின் அனுபவம்

மகன் செஸ்ஸில் இன்டர்நேஷனல் மாஸ்டர் (ஐஎம்) ஆன நாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "ஜிஎம் எப்போ?" ஜிஎம் என்றால் கிராண்ட்மாஸ்டர், ஐஎம்முக்கு அடுத்த, மிக உயர்ந்த பட்டம். பிரக்ஞானந்தா 12 வயது 10 மாதத்தில் ஆனார், குகேஷ் 12 வயது 7 மாதத்தில் ஆனார் என்று செய்தி படித்தவர்களுக்கு ஐஎம்முக்கும் ஜிஎம்முக்கும் நடுவே ஒரே ஒரு படி இருப்பதாகத்தான் தோன்றும். எங்களுக்கு அந்தப் படியைத் தாண்ட வருஷக்கணக்கில் ஆனது. வீட்டுச் சேமிப்பு கரைந்தது, என் பிஎஃப்பில் கடன் எடுத்தேன், அவனுடைய கல்லூரிப் படிப்பில் ஒரு வருஷம் பின்தங்கியது. ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க நல்ல கோச் இருந்தார். ஆட்டத்துக்கு வெளியே இருக்கிற கணக்கு, காகிதம், பணம், விசா, ஏமாற்றம் இதையெல்லாம் சொல்லித்தர ஒருவரும் இல்லை. திருச்சியில் இருந்துகொண்டு நான் தனியாகவே தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டேன். இப்போது 2350, 2400 ரேட்டிங்கில் (ஆட்ட முடிவுகளை வைத்துப் பலத்தைக் காட்டும் எண்) பிள்ளையை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இது உதவட்டும்.

முதலில் விதி, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே வகுத்தது. ஜிஎம் பட்டத்துக்கு இரண்டு விஷயம் வேண்டும். ரேட்டிங் ஒரு தடவையாவது 2500-ஐத் தொட வேண்டும். மொத்தம் 27 ஆட்டமாவது வருகிற மாதிரி மூன்று நார்ம் வேண்டும். உலக ஜூனியர் சாம்பியன் மாதிரி சிலருக்கு நேரடியாகப் பட்டம் உண்டு. 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையை வென்று ஒரு நார்ம்கூட இல்லாமல் ஜிஎம் ஆனார். மற்ற எல்லாருக்கும் நார்ம் வழிதான். நார்ம் என்றால் ஒரு போட்டி முழுக்க 2600 ரேட்டிங்காரர் அளவுக்கு ஆடிக் காட்டுவது. வழக்கமாக 9 ரவுண்ட். அந்த 9 எதிராளிகளில் 3 பேராவது ஜிஎம்மாக இருக்க வேண்டும். 5 பேராவது ஏதாவது ஒரு பட்டம் வைத்திருக்க வேண்டும். எஃப்எம் (ஃபிடே மாஸ்டர்), டபிள்யூஐஎம் (மகளிர் ஐஎம்) எல்லாம் இந்தக் கணக்கில் வரும், சிஎம் (கேண்டிடேட் மாஸ்டர்) வராது. இந்தியர்கள் 5 பேருக்கு மேல் போகக் கூடாது, வெளிநாட்டவர்கள் குறைந்தது இரண்டு நாட்டிலிருந்து வர வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங் 2380-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒன்பது ஆட்டமும் உண்மையாகவே பலகையில் நடந்திருக்க வேண்டும். பயணக் களைப்பு என்று முதல் ரவுண்டுக்கு ஆடாமலேயே அரைப் புள்ளி தரும் 'பை' கேட்டு வாங்கினால், 9 ரவுண்ட் போட்டியில் நார்ம் வாய்ப்பே போய்விடக்கூடும்.

எத்தனை புள்ளி (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை) எடுக்க வேண்டும் என்பது எதிராளிகளின் சராசரியைப் பொறுத்தது. சராசரி 2380-லிருந்து 2433 வரை இருந்தால் 9-க்கு 7 வேண்டும். 2434 ஆகிவிட்டால் 6.5 போதும். 2475-க்கு 6, 2520-க்கு 5.5, 2557-க்கு 5, சராசரி 2600 என்றால் 4.5-லேயே நார்ம் வந்துவிடும். இந்த எண்களை நான் ஒரு சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வைத்திருந்தேன். ஒரு போட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பரிசுத் தொகையை அப்புறம் பார்க்கலாம். விதிகள் அவ்வப்போது மாறும், அதனால் ஃபிடே கையேட்டின் நடப்புப் பதிப்பை வருஷத்துக்கு ஒருமுறையாவது பெற்றோரே உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

இனி ரேட்டிங். இங்கேதான் பல குடும்பங்கள் திணறுகின்றன. 18 வயதுக்குள் இருந்து 2300-க்குக் கீழே இருக்கும்வரை 'கே ஃபேக்டர்' 40. அதாவது எதிர்பார்த்ததைவிட ஒரு புள்ளி கூடுதலாக எடுத்தால் ரேட்டிங் 40 ஏறும். 2300 தாண்டினால் அது 20. மாதப் பட்டியலில் 2400-ஐத் தொட்டதும் 10 ஆகிவிடும், அதற்கப்புறம் ரேட்டிங் கீழே இறங்கினாலும் 10 பத்தாகவே இருக்கும். சின்ன வயதில் ஒரே போட்டியில் நூறு ஏறிய பிள்ளைக்கு 2400-க்கு மேல் ஒரு மாத உழைப்பில் ஆறு புள்ளி ஏறினால் பெரிய விஷயம். ஒரு கணக்கு சொல்கிறேன். 2450 உள்ளவர், சராசரி 2380 உள்ள ஒன்பது பேரோடு ஆடினால் அவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஏறக்குறைய 5.4 புள்ளி. நார்ம் அடித்து 7 எடுத்தால் 16 ஏறும். 5.5 எடுத்தால் 1 ஏறும். கொஞ்சம் சறுக்கி 4 எடுத்தால் 14 போய்விடும். ஆக 2450-லிருந்து 2500 போக இந்த மாதிரி மூன்று, நான்கு அற்புதமான போட்டிகள் வேண்டும், நடுவே ஒரு மோசமான போட்டிகூட இருக்கக் கூடாது. நார்முக்குக் காலாவதி கிடையாது, இன்று வாங்கியது பத்து வருஷம் கழித்தும் செல்லும். ரேட்டிங் அப்படி இல்லை, ஒவ்வொரு ஆட்டத்திலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி மூன்றாவது நார்மை முடித்தது 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸில். 2500-ஐத் தொட்டது டிசம்பர் தொடக்கத்தில் ஸ்பெயினில். மூன்று நார்மும் கையில் இருக்க, 2470-லேயே வருஷக்கணக்கில் நிற்கிறவர்களும் உண்டு. அதனால் நான் உறுதியாகச் சொல்வது, நார்மைத் துரத்திப் பணத்தைக் கொட்டாதீர்கள். பிள்ளையின் உண்மையான பலம் 2480 அளவுக்கு வரும்வரை உள்ளூரிலும் பயிற்சியிலும் செலவழியுங்கள். பலம் வந்துவிட்டால் ஒரே கோடையில் இரண்டு நார்ம் வந்து விழும்.

நார்ம் கிடைக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று ரவுண்ட் ராபின்: பத்துப் பேர், எல்லாரும் எல்லாரோடும், 9 ரவுண்ட். புடாபெஸ்டில் 1992-லிருந்து 'ஃபர்ஸ்ட் சாட்டர்டே' என்ற பெயரில் மாதாமாதம் நடந்துவந்தது இந்த வகைதான். அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ரா 2021-இல் மாதக்கணக்கில் புடாபெஸ்டிலேயே தங்கி, 12 வயது 4 மாதம் 25 நாளில் ஜிஎம் ஆனது இதே மாதிரிப் போட்டிகளில்தான். செர்பியாவிலும் நிறைய நடக்கும். போட்டி நடத்துபவர் மூன்று ஜிஎம்மைப் பணம் கொடுத்து வரவழைப்பார், மீதி இடங்களில் நார்ம் தேடுகிறவர்கள் காசு கட்டி ஆடுவார்கள். வரும் ஜிஎம்களில் பலர் வயதானவர்கள், ரேட்டிங் 2400-க்கு முன்பின்னாக இருக்கும். ஆரம்பிப்பதற்கு முன்பே யார் யாரோடு எந்த ரவுண்டில், எந்தக் காய் என்று தெரிந்துவிடும், தயார் செய்ய வசதி. எத்தனை புள்ளி வேண்டும் என்பதும் முதல் நாளே தெரியும்.

எங்களுக்குப் பெரிய அடி விழுந்ததும் அங்கேதான். கிழக்கு ஐரோப்பிய நகரம் ஒன்றில் அப்படி ஒரு போட்டிக்குப் பணம் கட்டினோம். சரியாக மூன்று ஜிஎம், சராசரி 2436, அதாவது 6.5 போதும். என்ட்ரி, டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அந்த ஒரு போட்டிக்கு மட்டும் இரண்டரை லட்சம் ஆனது. நாலு ரவுண்டில் மகன் மூன்றரை எடுத்திருந்தான். அன்று இரவு மூன்று ஜிஎம்களில் ஒருவர் உடம்பு முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். மகன் இன்னும் அவரோடு ஆடவில்லை. ஆக அவனுக்கு ஜிஎம் எதிராளிகள் இரண்டே பேர். ரூமில் லேப்டாப்பை மூடிவிட்டு, "அம்மா, இனி எல்லா கேமும் ஜெயிச்சாலும் நார்ம் கிடையாது" என்றான். அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் போய் ஆர்பிட்டரிடம், அதாவது போட்டி நடுவரிடம் கேட்டேன், அவர் விதியைக் காட்டினார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது, விதி அப்படித்தான். போட்டி நடத்துபவரிடம் என்ட்ரி ஃபீஸில் பாதியாவது கேட்டோம், போட்டி நடந்துகொண்டுதானே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மீதி ரவுண்டுகளில் மனசு உடைந்த பிள்ளை இரண்டு தோல்வி வாங்கி, ரேட்டிங்கிலும் இழந்தான். ஊர் திரும்பும் விமானத்தில் எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதனால் ரவுண்ட் ராபினுக்குப் பணம் அனுப்பும் முன் இவற்றை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜிஎம்கள் யார், பெயரோடு. மூன்று பேரா, நான்கு பேரா? நான்கு என்றால் ஒருவர் விலகினாலும் தாங்கும், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். யாராவது கடைசி நேரத்தில் வராவிட்டால் மாற்று ஆள் தயாரா? நம் பிள்ளையைத் தவிர்த்து மற்ற ஒன்பது பேரின் சராசரி என்ன? இதைத் தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் விளம்பரத்தில் போடுவது பத்துப் பேரின் சராசரி. அது 2434-ஐ ஒட்டி நின்றால், ஒரு ஆள் மாறினாலும் 6.5 என்பது 7 ஆகிவிடும். போட்டி நடுவில் நார்ம் வாய்ப்பே இல்லாமல் போனால் பணம் எவ்வளவு திரும்ப வரும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் போக வேண்டாம்.

இன்னொரு விஷயம், வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் போட்டிகளில் கடைசி ரவுண்டுகளுக்கு முன் யாராவது பக்கத்தில் வந்து, இத்தனை யூரோ கொடுத்தால் ஆட்டத்தை 'முடித்துக்கொள்ளலாம்' என்று பேசுவது நடக்கிறது. எங்களிடமும் பேசினார்கள். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பிடிபட்டால் நார்ம் ரத்து, தடை எல்லாம் உண்டு. பிடிபடாவிட்டாலும் அந்தப் பிள்ளை மறுபடி தன் ஆட்டத்தை நம்ப மாட்டான்.

இரண்டாவது வகை பெரிய ஓபன்கள், ஸ்விஸ் முறை: ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை மோத விடுவார்கள். என் அபிப்பிராயத்தில் செலவுக்கு ஏற்ற பலன் இங்கேதான். ஆனால் எதிராளி யார் என்பது நம் கையில் இல்லை. முதல் ரவுண்டில் 2100 வரும், அடித்தாலும் சராசரி இறங்கும். ஒரே ஒரு எதிராளிக்கு மட்டும், ரேட்டிங் 2200-க்குக் கீழே இருந்தால் அதை 2200 என்று வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஒரு உதாரணம் பாருங்கள். எதிராளிகள் 2105, 2190, 2380, 2465, 2510, 2441, 2536, 2488, 2475 என்று வந்தால், முதல் ஆளை 2200 ஆக்கியபின் கூட்டுத்தொகை 21,685, சராசரி 2409. ஆகவே 7 வேண்டும். நடுவில் அத்தனை பலமான ஆட்களோடு ஆடியும், முதல் இரண்டு ரவுண்டின் பாரம் கடைசிவரை விடாது. 6.5-லேயே நார்ம் வர மொத்தத்தில் இன்னும் 217 ரேட்டிங் புள்ளி தேவைப்பட்டிருக்கும். அதனால் ரேட்டிங் வரம்பு வைத்துப் பிரித்த 'ஏ' குரூப் இருக்கும் போட்டிகளைத் தேடுங்கள். மே மாதவாக்கில் நடக்கும் ஷார்ஜா மாஸ்டர்ஸ் மாதிரி இடங்களில் முதல் ரவுண்டிலிருந்தே ஜிஎம்கள்தான். 2450 உள்ளவர் 2600-ஐ டிரா செய்தால் 2 ஏறும், 2300-ஐ டிரா செய்தால் 2 இறங்கும். சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாத் தொல்லை இல்லை. அங்கே அடி வாங்கினாலும் நல்ல ஆட்டத்தில் வாங்கிய அடியாக இருக்கும்.

ஐரோப்பிய ஓபன்களில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கோடையில் ஸ்பெயினுக்குப் போனால் ஹாலில் பாதி நம் ஊர்ப் பிள்ளைகள். அத்தனை தூரம் பறந்துபோய், சென்னையில் வாராவாரம் ஆடும் பையனோடேயே மூன்றாவது ரவுண்ட் ஆடுவது சாதாரணமாக நடக்கும். ஒரு போட்டியில் மகனுக்குத் தொடர்ச்சியாக இந்தியர்கள் வந்தார்கள். இங்கே ஒரு சலுகை தெரிந்திருக்க வேண்டும்: போட்டி நடத்தும் நாட்டைச் சேராத ரேட்டிங் ஆட்டக்காரர்கள் 20 பேராவது, மூன்று நாடுகளிலிருந்தாவது, அவர்களில் 10 பேராவது ஜிஎம், ஐஎம், டபிள்யூஜிஎம், டபிள்யூஐஎம் பட்டத்தோடு ஒவ்வொரு ரவுண்டிலும் ஆடினால், 'இந்தியர் 5 பேருக்கு மேல் கூடாது' என்ற கட்டுப்பாடு தளர்ந்துவிடும். ஆனால் மூன்று நார்மில் ஒன்றாவது அந்தச் சலுகை இல்லாமல் வாங்கியதாக இருக்க வேண்டும். போட்டி தொடங்கும் முன் சீஃப் ஆர்பிட்டரிடம் போய் இந்தப் போட்டிக்கு அது பொருந்துமா என்று மரியாதையாகக் கேளுங்கள், சொல்வார்கள். ஆறாவது ரவுண்ட் முடிந்ததும் மறுபடி போய் ஜிஎம் எண்ணிக்கை, நாடு, சராசரி மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைசி ரவுண்டில் ஐஎம் ஒருவரோடு பேரிங் (எதிராளி ஒதுக்கீடு) விழுந்து ஜிஎம் எண்ணிக்கை இரண்டில் நின்றால், ஜெயித்தாலும் நார்ம் இல்லை. நமக்காகப் பேரிங்கை யாரும் மாற்ற மாட்டார்கள். ஆனால் அது முன்கூட்டித் தெரிந்தால், பிள்ளை கடைசி ரவுண்டை ரேட்டிங்குக்காக நிதானமாக ஆடலாம்.

ஷெங்கன் விசா பற்றி. கோடைப் போட்டிகளுக்கு அப்ளிகேஷனைப் பிப்ரவரி, மார்ச்சிலேயே போட்டுவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். ஏப்ரலுக்கு மேல் ஸ்லாட் கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, இதோடு சர்வீஸ் சென்டர் கட்டணம் தனி. நிராகரித்தால் ஒன்றும் திரும்ப வராது, அதனால் ஹோட்டல் எல்லாம் இலவசமாக ரத்து செய்ய முடிகிற புக்கிங்காக இருக்கட்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமென்றால் முதலில் இறங்கும் நாடு. போட்டி நடத்துபவரிடம் அழைப்புக் கடிதம் வாங்கும்போது ஆட்டக்காரர், கூட வருபவர் இருவர் பெயரும், பாஸ்போர்ட் எண்ணும், வந்து போகும் தேதியும் அதில் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், மைனர் பிள்ளையோடு ஒரு பெற்றோர் மட்டும் போனால் மற்றவரின் நோட்டரி சம்மதக் கடிதம் இவையும் வேண்டும். 180 நாளில் 90 நாள்தான் ஷெங்கனில் இருக்கலாம். செர்பியா ஷெங்கனில் இல்லை. 2023 ஜனவரியிலிருந்து இந்தியர்களுக்கு அங்கே விசா இல்லாத நுழைவு நின்றுபோனது, செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் உள்ளே விடுகிறார்கள். ஆனால் உங்கள் ஷெங்கன் விசா 'சிங்கிள் என்ட்ரி' என்றால், பெல்கிரேடுக்குப் போய்விட்டு மறுபடி ஸ்பெயினுக்குள் வர முடியாது. ஒரே பயணத்தில் இரண்டையும் சேர்க்கும் திட்டம் இருந்தால் மல்டிபிள் என்ட்ரி கேட்டு, இரண்டு பக்கப் போட்டிகளின் அழைப்பையும் சேர்த்து வையுங்கள்.

அங்கே போனபின் பணத்தைத் தின்பது தங்குமிடமும் சாப்பாடும். போட்டிக்குப் போட்டி ஊர் மாறாமல், ஒரே இடத்தில் தங்கி ரயிலில் போய்வர முடிகிற வரிசையைத் தேடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பார்சிலோனாவைச் சுற்றி அடுத்தடுத்துப் போட்டிகள் நடக்கும். நகரத்தில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்துக்கொண்டு 'ரோடாலியெஸ்' உள்ளூர் ரயிலில் பதலோனா, மொன்காடா, பார்பெரா என்று போய்வரலாம். ரவால் பகுதிக் கடைகளில் அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கும். சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள். மின்னழுத்தம் நம் ஊர் மாதிரிதான், ஆனால் மூன்று முனை பிளக் அங்கே சொருகாது, அடாப்டர் வேண்டும். துபாய், ஷார்ஜாவில் பிளக் வேறு மாதிரி, அதற்குத் தனி அடாப்டர். ஸ்பெயினில் ரவுண்ட் பெரும்பாலும் மாலை நாலு, ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும். 90 நிமிஷமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் என்றால் ஒன்பது மணிக்கு மேலும் ஆட்டம் போகும். மதியம் இரண்டு மணிக்கு வயிறு நிறையாமல் தயிர்சாதம், ஒரு வாழைப்பழம், ஹாலுக்குத் தண்ணீர் பாட்டில், கொஞ்சம் பேரீச்சம்பழம், எங்களுக்கு ஒத்துவந்தது இது. ஒவ்வொரு போட்டியிலும் முதல் நாளே விதிமுறைத் தாளில் இரண்டு விஷயம் பாருங்கள்: எத்தனை நிமிஷம் தாமதமானால் தோல்வி, போனை எங்கே வைக்க வேண்டும். அணைத்து வைத்த போன்கூடப் பாக்கெட்டில் இருந்தால் ஆட்டம் போய்விடும், ஸ்மார்ட் வாட்சும் அப்படித்தான். பெற்றோர் ஹாலுக்குள் நிற்காமல் இருப்பது பிள்ளைக்கும் நல்லது, வீண் சந்தேகமும் வராது.

இனி மொத்தச் செலவு. இரண்டு பேர், ஐந்தாறு வாரம், நாலைந்து ஓபன் என்று ஒரு ஐரோப்பியக் கோடைக்கு எங்களுக்கு ஐந்து லட்சத்தை ஒட்டி ஆனது. இதில் டிக்கெட் ஒன்றரை லட்சம், தங்குமிடம் இரண்டு, மீதி சாப்பாடு, ரயில், என்ட்ரி, விசா. ஐஎம் பட்டம் இருந்தால் பல ஓபன்களில் என்ட்ரி ஃபீஸ் இல்லை அல்லது குறைவு. ரூமும் தரும் 'கண்டிஷன்ஸ்' 2500 தாண்டிய ஜிஎம்களுக்குத்தான் வழக்கம். ஆனாலும் டிசம்பர், ஜனவரியிலேயே எழுதிக் கேட்டால் ஐஎம்முக்கும் ரூமில் தள்ளுபடி தருகிறவர்கள் இருக்கிறார்கள். மே மாதம் கேட்டால் ஒதுக்கியதெல்லாம் முடிந்திருக்கும். கோச் செலவு இதைவிடக் கூட. ஜிஎம் கோச்சுக்கு மணிக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுத்தோம், மாதம் இருபது மணி நேரம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரே அளவு பலமுள்ள மூன்று பேர் சேர்ந்து வகுப்பு எடுத்ததில் காசும் குறைந்தது, தங்களுக்குள் ஆடிப் பார்த்ததில் பலனும் கூடியது. உதவித் தொகைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் திட்டங்களையும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையையும் பாருங்கள். அழைப்புக் கடிதம், டிக்கெட் விலை விவரம், ரேட்டிங் பக்கம், தேசியப் போட்டிச் சான்றிதழ்கள் இவற்றை ஒரே கோப்பில் எப்போதும் தயாராக வையுங்கள். பயணத்துக்கு ரொம்ப முன்னாலேயே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

எங்களுக்கு மிகவும் கஷ்டமான காலம், 2460-க்கும் 2480-க்கும் நடுவே அவன் நின்ற காலம். ஏறும், இறங்கும், அதே இடம். காலேஜ் நண்பர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். உறவில் ஒருவர், "இன்னும் எத்தனை நாளைக்குத்தான் விளையாட்டு?" என்று அவன் காதுபடவே கேட்டார். அப்போது கோச் செய்த ஒரு நல்ல காரியம், நாலு மாதத்துக்கு வெளிநாட்டுப் போட்டி வேண்டாம் என்று நிறுத்தியது. தோற்ற ஆட்டங்களையும் ஜெயிக்க வேண்டியிருந்து டிரா ஆன ஆட்டங்களையும் மட்டும் எடுத்து, முதலில் என்ஜின் (ஆட்டத்தை அலசும் கணினி நிரல்) இல்லாமல் அவனே அலசி எழுத வேண்டும், அப்புறம்தான் ஸ்டாக்ஃபிஷ் என்ஜின். அதில் தெரிந்தது, ஓப்பனிங்கில் அவனுக்குக் குறையே இல்லை. நாலாவது மணி நேரத்தில், கடிகாரத்தில் 30 விநாடி மட்டும் வருகிறபோது, சமநிலையில் இருக்கும் இறுதிக்கட்ட ஆட்டத்தை (எண்ட்கேம்) காப்பாற்ற முடியாமல் விட்ட அரைப் புள்ளிகள்தான் மொத்தக் கதையும். கே ஃபேக்டர் 10 என்றால் ஒரு அரைப் புள்ளிக்கு 5 ரேட்டிங். இரண்டு மாதத்தில் அப்படி ஐந்து அரைப் புள்ளியை மீட்டாலே 25 ஆகிறது. தினமும் ரூக் எண்ட்கேம், மாலையில் ஒரு மணி நேரம் பேட்மின்டன், இரவு பத்தரைக்குத் தூக்கம் என்று போனது. டிக்கெட் வாங்கும் காசில் அந்த நாலு மாதம் ஓடியது, பலனும் அதில்தான் வந்தது.

2500-ஐத் தொடுவது பற்றி ஒரு நல்ல செய்தி: மாதப் பட்டியலில் 2500 என்று அச்சாக வேண்டிய அவசியம் இல்லை. போட்டியின் நடுவே, ஒரு ரவுண்ட் முடிந்ததும் லைவ் ரேட்டிங் 2500 ஆகிவிட்டால் போதும், அடுத்த ரவுண்டில் தோற்றாலும் கவலை இல்லை. அந்தப் போட்டி சரியாக ரேட்டிங்குக்குச் சமர்ப்பிக்கப்பட வேண்டும், அவ்வளவுதான்.

நார்ம் கிடைத்த அன்று சந்தோஷத்தில் கிளம்பிவிடாதீர்கள். 'ஐடி-1' என்ற படிவத்தில் ஒன்பது எதிராளிகள், பட்டம், நாடு, ரேட்டிங், முடிவு எல்லாம் போட்டு சீஃப் ஆர்பிட்டர் கையெழுத்திட்டுத் தருவார். அங்கேயே நின்று ஒவ்வொரு எண்ணையும் சரிபாருங்கள். போட்டி நடந்த மாதத்தின் ரேட்டிங்தான் அதில் இருக்க வேண்டும், பிறந்த தேதி பாஸ்போர்ட்டோடும், ஃபிடே எண் ரேட்டிங் பக்கத்தோடும் ஒத்துப்போக வேண்டும். ஒரிஜினலை வாங்கி, போட்டோ எடுத்து, உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். ரெண்டு வருஷம் கழித்து ஒரு கையெழுத்துக்காக வேறு நாட்டில் இருக்கும் ஆர்பிட்டரைத் தேடி அலைந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். மூன்று நார்மும் ரேட்டிங்கும் சேர்ந்ததும் நாம் நேராக ஃபிடேவுக்கு அனுப்ப முடியாது, தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் பட்டத்துக்கு விண்ணப்பம் போகும், கட்டணமும் உண்டு. செய்தித்தாளில் ஜிஎம் என்று வந்தபிறகும் அதிகாரபூர்வமாக அறிவிக்க சில மாதம் ஆகலாம்.

பட்டத்துக்குப் பிறகு வாழ்க்கை எப்படி என்று கேட்கிறார்கள். இந்தியாவில் 90-க்கு மேல் ஜிஎம்கள் இருக்கிறார்கள், பரிசுப் பணத்தில் மட்டும் வாழ்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். முந்நூறு பேர் ஆடும் ஓபனில் முதல் பரிசே இரண்டு, மூன்றாயிரம் யூரோ இருக்கும். ஐந்து பேர் சமமாக வந்தால் அதுவும் பிரியும். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் கிளப் லீக்குகளில் இடம் கிடைத்தால் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான வரவு. நிறையப் பேருக்குச் சோறு போடுவது கோச்சிங்தான். வேலை என்று பார்த்தால் பெட்ரோலிய நிறுவனங்கள், ரயில்வே மாதிரி இடங்களில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு. இங்கேதான் பெற்றோர் முன்கூட்டியே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மத்திய அரசு வேலைக்குக் கேட்கும் சான்றிதழ், நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2 என்று போகும். சொந்தக் காசில் போய் ஆடிய ஓபன்களும் அங்கே வாங்கிய நார்ம்களும் அந்தப் படிவங்களில் வராது. ஆகவே ஐரோப்பா, ஐரோப்பா என்று தேசிய ஜூனியர், தேசிய சீனியர் போட்டிகளை விட்டுவிடாதீர்கள். ஆசிய, காமன்வெல்த் போட்டிகளுக்கு இந்தியா சார்பில் போகும் வாய்ப்பும் அங்கிருந்துதான் வருகிறது. ஆடிய வருஷமே சங்கத்தில் கேட்டு அந்தப் படிவத்தை வாங்கி வையுங்கள், அஞ்சாறு வருஷம் கழித்துப் போனால் பொறுப்பில் இருக்கும் ஆட்கள் மாறியிருப்பார்கள்.